வாசகர் கேள்வி பதில்: இல்லாத பக்கத்தை எங்கே உருவாக்குவது?

கேள்வி: எங்கள் மாவட்டத்து ஊர்களுக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் அமைக்க உதவும் கட்டமைப்பு) ஒரு தளம் செய்கிறேன். தளத்தின் பெயருக்குப் பின்னால் எந்த ஊரைத் தட்டினாலும், பக்கம் இல்லையென்றால் ஜாங்கோவின் 'கெட் ஆர் கிரியேட்' என்ற கட்டளை அங்கேயே ஒரு வெற்றுப் பக்கத்தை உருவாக்கிவிடும். வேலை சுலபமாக இருக்கிறது, ஆனால் நண்பர் கூடாது என்கிறார். ஏன்?
*வாசகர், தோவாளை*

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி, இன்றே மாற்றிவிடுங்கள். கெட் என்பது பார்ப்பதற்கான கோரிக்கை, அதனால் சர்வரில் எதுவும் மாறக்கூடாது என்பது, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபி-யின் அடிப்படை விதி. உங்கள் முகவரியைத் திறப்பது மனிதர்கள் மட்டுமில்லை. கூகுள் பாட் வரும், வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் முன்னோட்டத்துக்காக ஒரு கோரிக்கை வரும், ஓட்டை தேடி அலையும் ஸ்கிரிப்டுகள் வேர்ட்பிரஸ் தளங்களின் லாகின் பக்கமான 'டபிள்யூபி-லாகின்.பிஹெச்பி' என்று தட்டிப் பார்க்கும், உங்கள் தளம் அதையும் ஓர் ஊராகச் சேர்த்துக்கொள்ளும். 2005-ல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்ஸிலரேட்டர் என்ற வேகம் கூட்டும் கருவி, பக்கத்திலுள்ள லிங்குகளை முன்கூட்டியே திறந்து வைத்தது. 'அழி' என்பதை வெறும் லிங்காக வைத்திருந்த தளங்களில் யாரும் தொடாமலே தகவல்கள் அழிந்தன. 'கெட் ஆர் கிரியேட்'டை, சர்வருக்குத் தகவல் அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில் பயன்படுத்துங்கள் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது.

இன்னொரு சிக்கல் உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. தோவாளை என்பதில் வரும் 'தோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் முதல் வகையில் முழுப் பெயரும் 18 பைட், இரண்டாவது வகையில் 21 பைட், ஆக உங்கள் தரவுத்தளத்தில் இரண்டு தோவாளைகள் நிற்கும், ஒருவர் பூச்சந்தை பற்றி ஒன்றில் எழுதுவார், மற்றவர் இன்னொன்றைத் திறந்துவிட்டுக் காலியாக இருக்கிறதே என்று போய்விடுவார். பெயரைத் தேடும் முன்பும் சேமிக்கும் முன்பும் பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பை வைத்து, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, எங்கே உருவாக்குவது? ஊர்ப் பட்டியலின் முகவரியில். அங்கே போஸ்ட் வரட்டும், அனுப்புகிறவர் லாகின் செய்தவரா, பெயர் சரியா, ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பக்கத்தை உருவாக்கி, 'உருவாகிவிட்டது' என்று பொருள்படும் 201 எண்ணையும் புதிய முகவரியையும் பதிலாகக் கொடுங்கள். சாதாரண படிவம் என்றால் அந்த முகவரிக்கே திருப்பிவிடுங்கள். இல்லாத ஊரைத் தட்டியவருக்கு 'பக்கம் இல்லை' என்னும் 404-ஐயே அனுப்பி, அந்தப் பக்கத்திலேயே 'இந்த ஊரைப் பற்றி எழுத' என்று ஒரு படிவம் வைத்தால் போதும். விக்கிப்பீடியாவும் இப்படித்தான், ஒருவர் எழுதிச் சேமிக்கும்வரை அங்கே பக்கம் உருவாகாது.

கேள்வி: குளச்சலில் மீன் விலையைப் பதியும் செயலி ஒன்று செய்திருக்கிறேன். கடற்கரையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் போஸ்ட் இரண்டு தடவை போய், ஒரே விலை இரண்டு முறை பதிவாகிறது. என்ன செய்யலாம்?
*வாசகர், குளச்சல்*

பதில்: உங்களுக்கு மேலே சொன்னதற்கு நேர்மாறான வழி, அதாவது முகவரியைச் செயலியே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெதனுடனும் மோதாத தனி அடையாள) எண் உண்டாக்கி, அந்த எண் உள்ள முகவரிக்கு, 'இதை இந்த முகவரியில் வை' என்று சொல்லும் புட் கோரிக்கையை அனுப்புங்கள். புட் அதே முகவரிக்கு நாலு தடவை போனாலும் பதிவு ஒன்றுதான் இருக்கும், அதனால் சிக்னல் வரும்வரை செயலி திரும்பத் திரும்ப அனுப்பலாம். முதல் தடவை 201 வரும், அடுத்த தடவைகளில் 'சரி' என்று பொருள்படும் 200 அல்லது 204.

ஆனால் எண் யூயூஐடி வடிவத்தில் இருக்கிறதா, அனுப்பியவர் உங்கள் பயனர்தானா என்று சர்வர் பார்த்தே ஆக வேண்டும். ஏற்கெனவே உள்ள பதிவை புட் மேலெழுதிவிடும் என்பதையும் கவனியுங்கள். புதிதாகச் சேர்க்க மட்டும்தான் என்றால் கோரிக்கையோடு போகும் 'இஃப்-நன்-மேட்ச்' என்ற தலைப்புக் குறிப்பில் (ஹெடர்) நட்சத்திரக் குறி போட்டு அனுப்புங்கள், சர்வரிலும் அதைச் சரிபார்த்து, பதிவு ஏற்கெனவே இருந்தால் 'நிபந்தனை பொருந்தவில்லை' என்னும் 412 கொடுக்க வையுங்கள். திரும்ப அனுப்பும்போது 412 வந்தால், முதலில் போனது சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, செயலி அந்தப் பதிவை வரிசையிலிருந்து நீக்கிவிடலாம்.