பழைய லான்ட்ரோவர் திருத்த எவ்வளவு காலம் பிடிக்கும்? சில கேள்விகளும் பதில்களும்

கோண்டாவில் தம்பி: அண்ணை, பெரியப்பா வளவில் ஒரு லான்ட்ரோவர் சீரிஸ் 2ஏ கனகாலமாக நிற்கிறது. முழுதாகத் திருத்த எத்தனை மாதம் செல்லும்?

மாதக் கணக்கில் கேட்கிறீர்கள் என்றால் இன்னும் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்கவில்லைப் போல. சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வரைக்கும் கழற்றிப் பூட்டுவதென்றால் ஆயிரம் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தோறும் எட்டு மணித்தியாலம் வேலை செய்தால் ஏறக்குறைய இரண்டரை வருடம். கோயில் திருவிழாவும் கலியாண வீடும் இந்தக் கணக்கில் இல்லை. கராஜில் விட்டால் சுருக்காக முடியும் என்றும் சொல்ல மாட்டேன். அன்றாடம் ஓடுகிற வான் ஒன்று வந்து நின்றால் உங்கள் வண்டி மூலைக்குத்தான் போகும்.

சரி, முதலில் சின்னச் சுத்தியல் ஒன்றால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், உக்கினது தொம்மென்னும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பூட்டும் இடங்கள், கால் வைக்கும் தகடு, இந்த மூன்றும்தான் காலத்தை இழுப்பவை. வண்டியின் பொடி, அதாவது மேல் உடல், அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது என்பார்கள். துருப்பிடிக்காதுதான். ஆனால் இரும்போடு ஒட்டி நிற்கும் இடத்தில் உப்புக்காற்றுப் பட்டால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். கதவின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள், விரலில் ஒட்டும்.

ஊர்காவற்றுறை வாசகர்: எங்கள் வண்டி 90களில் மண்ணெண்ணெயில் ஓடியது. எஞ்சின் தேறுமா?

பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றிய எஞ்சின்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அதனால் புகையை மட்டும் பார்க்காமல் சம்பை (எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) கழற்றி பெயரிங்கையும் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் பிளக் ஓட்டைகளால் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி, ஒரு கிழமை ஊறவிட்டு, கையால் ஹாண்டில் போட்டு மெல்ல அசையுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டரால் முயலவே வேண்டாம்.

இன்னொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதையே ஊற்றி ஊற்றி எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழி கேத்திலின் அடிபோலக் காரை பிடித்திருக்கும். போரிங் வேலைக்கு லேத்தில் கொடுக்க முன் அதையும் கழுவச் சொல்லுங்கள். லேத் வேலையும் பார்ட்ஸ் தேடுவதும் சேர்ந்து இரண்டு மாதம்.

கனடாவிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, அப்பாவின் வண்டி. வண்டியின் பதிவுப் புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான். திருத்திவிட்டு மாற்றலாமா?

மாற்றிவிட்டுத் திருத்துங்கள். வலது முன் ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் சேசிஸ் இலக்கம் அடித்திருக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் மெதுவாக எடுத்து, படம் பிடித்து, புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். கிரைண்டர் பிடிக்கிற பொடியனுக்கு அந்த இடத்தைக் காட்டி வையுங்கள். இலக்கம் தேய்ந்துபோனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விளக்கம் சொல்லவே காலம் போகும்.

மானிப்பாய்: வில்லிஸ் ஜீப் சுருக்காக முடியுமா?

கொஞ்சம். மஹிந்திரா வில்லிஸ் உரிமத்தில் கட்டியதால் இந்தியப் பார்ட்ஸ் பல பொருந்தும். லான்ட்ரோவருக்கும் இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள். இங்கே தேடுவதென்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை. பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு தரம் போகவேண்டி வரும்.

சுன்னாகம்: பெயின்ட் எப்போது அடிக்கலாம்?

தைப்பொங்கல் கழிந்து, சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்ப முன். மாரியில் ஈரம், சோளகத்தில் புழுதி. ஐப்பசியில் பொடி வேலை முடிந்தால் தைவரை பொறுங்கள்.

அளவெட்டி: புதுப் பற்றரி பூட்டியதும் ரேடியோ கருகிவிட்டது. ஏன்?

1967 வரை வந்த லான்ட்ரோவர்களில் பற்றரியின் பிளஸ்தான் பொடிக்குப் போகும், மாறிப் பூட்டினால் ரேடியோ கருகும். பூட்டமுன் பழைய வயரைப் பாருங்கள்.

நெல்லியடி: எஞ்சின் ஓடுகிறது. முழுத் திருத்தம் பிறகு. இப்போது எதைச் செய்ய?

பிறேக். ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது போடுங்கள், இரண்டு மூன்று கிழமை வேலை. கைப்பிறேக் சில்லைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள தண்டைத்தான் பிடிக்கும். வண்டி ஓடும்போது அதை இழுக்கவேண்டாம்.