மழை வந்தால் மோடத்தில் எல்ஓஎஸ் சிவப்பு, ஆள் வருவதற்குள் பச்சை. சிக்னல் போனது அவர்களுக்குத் தெரியாதா?

கேள்வி கேட்டவர் ஏற்காட்டில் இருக்கிறார். சாயங்காலம் காற்றும் தூறலும் வந்தால் ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது, இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால் "எங்க பக்கம் அலாரமே இல்லைங்க" என்கிறார்கள். பொய் சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்.

சேலத்தில் டிரான்ஸ்மிஷன் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் போன் செய்யும் நேரத்தில் போனை எடுப்பவர் திரையில் நிஜமாகவே ஒன்றும் இருக்காது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிடாதீர்கள், பார்க்க வேண்டிய இடம் வேறு.

முதலில், எல்ஓஎஸ் (லாஸ் ஆஃப் சிக்னல்) என்றால் வாங்கும் முனை "எனக்கு எதுவும் வரவில்லை" என்கிறது, அவ்வளவுதான். யார் மேல் தப்பு, எங்கே அறுந்தது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. வரவில்லை என்பதை அது கண்டுபிடிக்கும் விதம்தான் அழகு. செம்புக் கம்பியில் ஓடும் இ1 என்ற 2 மெகாபிட் டிஜிட்டல் லைனை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எச்டிபி3 என்ற கோடிங் இருப்பதால் தொடர்ந்து மூன்று பூஜ்யத்துக்கு மேல் லைனில் வரவே வராது, நாலாவது வந்தால் அனுப்பும் கருவியே நடுவில் ஒரு பல்ஸைச் செருகிவிடும். ஆக நல்ல லைன் ஒருபோதும் நீண்ட நேரம் மௌனமாக இருக்காது. அதனால் 10 முதல் 255 பல்ஸ் நேரத்துக்குள் ஒரு அசைவும் இல்லையென்றால் எல்ஓஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம் என ஐடியு (உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு) விதி சொல்கிறது. ஃபைபரில் பெரிய அளவில் டேட்டா கொண்டுபோகும் சோனெட் என்ற முறையிலும் இதே தர்க்கம்தான், அங்கே டேட்டாவைக் கலைத்துப் போட்டே அனுப்புவதால் வெறும் பூஜ்யமாக 100 மைக்ரோசெகண்ட் போனாலே லைன் செத்துவிட்டது என்று முடிவு.

அப்படியானால் உடனே அலாரம் அடிக்க வேண்டியதுதானே? அடிக்காது. சோனெட் விதிப்படி அந்தக் குறை ஏறக்குறைய 2.5 செகண்ட் விடாமல் நீடித்தால்தான் அலாரமாக மேலே போகும், சரியான பிறகும் 10 செகண்ட் போல நல்லபடியாக இருந்தால்தான் அலாரம் நீங்கும். இது வேண்டுமென்றே வைத்தது. இல்லையென்றால் விளிம்பில் ஊசலாடும் ஒரு லைன் ராத்திரி முழுக்க அலாரம் திரையை நிரப்பும், நிஜமான கட் அதில் புதைந்துபோகும். மாற்றுப் பாதைக்குத் தாவும் வேலை மட்டும் இந்த வடிகட்டலுக்குக் காத்திருக்காது, அது 50 மில்லிசெகண்டில் முடிய வேண்டியது. கருவியில் ஃபைபரை மாட்டும் எஸ்எஃப்பி மாட்யூலில்கூட எல்ஓஎஸ் போடும் அளவும் எடுக்கும் அளவும் ஒன்றாக இருக்காது, எடுப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான், அதாவது ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. மேலே சொன்ன கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது, ஆனால் சாரம் ஒன்றுதான். உங்கள் மோடம் எப்போது பேசலாம் என்று எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓஎல்டி என்ற தலைமைக் கருவிதான் நேரம் ஒதுக்கும். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வெளிச்சம் போனால் மோடம் பேசுவதையும் நிறுத்திக்கொள்ளும். வகுப்பில் பேர் கூப்பிட்டும் பதில் வராத பையனுக்கு ஆப்சென்ட் போடுவது மாதிரி, ஒதுக்கிய நேரத்தில் நாலு முறை தொடர்ந்து பதில் இல்லையென்றால் ஓஎல்டி உங்கள் மோடத்தின் பேரில் 'லாஸ்-ஐ' என்று எழுதிவிடும். வெளிச்சம் திரும்பினால் அலாரம் திரையிலிருந்து போய்விடும், ஆனால் கடைசியாக எப்போது, எந்தக் காரணத்தால் விழுந்தது என்பது பதிவில் இருக்கும். ஆகவே "இப்போ அலாரம் இருக்கா" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, "நேற்று சாயங்காலம் விழுந்ததுக்கு என்ன காரணம்னு ஓஎல்டியில் காட்டுது" என்று கேளுங்கள்.

இந்தக் காரணம் ரொம்ப முக்கியம். கரண்ட் போய் மோடம் அணைந்தால், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் "நான் போகிறேன்" என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும், டையிங் காஸ்ப் என்பார்கள். மழைக்கு மலையில் கரண்ட் போவது சகஜம் என்பதால் பலர் எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். டையிங் காஸ்ப் இல்லாமல் வெறும் லாஸ்-ஐ இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் ஃபைபரில்தான், அடாப்டரை மாற்றிப் பார்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து, அதே ஸ்ப்ளிட்டரில் (ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் இடம்) இருக்கும் பக்கத்து வீடுகளும் அதே நேரத்தில் விழுந்தனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் என்றால் அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கடைசித் துண்டான ட்ராப் கேபிள், எல்லோரும் என்றால் ஸ்ப்ளிட்டர் பெட்டியோ அதற்கு மேலோ.

என் அனுபவத்தில் ஏற்காட்டில் இந்த மாதிரி வந்து வந்து போகும் கேஸ்களில் பாதிக்கு மேல் சில்வர் ஓக் மரத்தில் உரசிக்கொண்டு தொங்கும் கேபிளும், சரியாக மூடாத ஜாயின்ட் பாக்ஸும்தான். சாதாரணமாகப் பயன்படுத்தும் பி-ப்ளஸ் வகை மோடத்துக்கு மைனஸ் 27 டிபிஎம் (வெளிச்சத்தின் அளவு, மைனஸ் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு) வரை வெளிச்சம் போதும், அது 2 மைக்ரோவாட். வெயில் நேரத்தில் மைனஸ் 26 இருந்தால் எல்லாம் பச்சையாகத் தெரியும், வேலை செய்யும், லைன்மேனும் சரி என்று போய்விடுவார். காற்றில் கேபிள் ஒரு மூலையில் மடங்கினாலோ ஜாயின்டில் தண்ணீர் இறங்கினாலோ அந்த ஒரு டெசிபல் போய்விடும், சிவப்பு வந்துவிடும். ஆகவே பச்சையா சிவப்பா என்பதை விட்டுவிட்டு அளவைக் கேளுங்கள்.

எல்ஓஎஸ் வராமலே லைன் செத்திருக்கும் கேஸும் உண்டு. நீண்ட தூர ஃபைபரில் வெளிச்சத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் அறுந்தால், அது தன் சொந்த இரைச்சலை வெளிச்சமாகத் துப்பிக்கொண்டே இருக்கலாம், அந்த முனைக்கு ஏதோ வருகிற மாதிரிதான் தெரியும். டேட்டாவின் கட்டமைப்பான ஃப்ரேம் கிடைக்கவில்லை என்ற எல்ஓஎஃப் அலாரம்தான் அங்கே காட்டிக்கொடுக்கும்.

மலைப்பாதையில் ஜேசிபி தோண்டி மெயின் கேபிளே போகும்போது நிலைமை தலைகீழ், அலாரம் அதிகம். ஒரு எஸ்டிஎம்-1 ஃபைபர் லைனில் 63 இ1 இருக்கிறது, அத்தனைக்கும் கீழ்ப்பக்கம் ஏஐஎஸ் ("மேலே பழுது" என்ற தகவல்) வரும், எதிர்ப்பக்கம் ஆர்டிஐ ("நீ அனுப்புவது எனக்குச் சரியாக வரவில்லை" என்ற தகவல்) வரும், அந்தக் கூட்டத்தில் உண்மையான எல்ஓஎஸ் ஒன்றோ இரண்டோதான். இரண்டு முனையிலும் எல்ஓஎஸ் என்றால் கேபிள் கட். ஏற்காடு முனையில் மட்டும் எல்ஓஎஸ், சேலத்தில் ஆர்டிஐ என்றால் அந்தத் திசை ஃபைபரோ சேலத்து லேசரோ. இதைப் படிக்காமல் ஓடிடிஆரை (ஃபைபர் எவ்வளவு தூரத்தில் அறுந்தது என்று காட்டும் கருவி) தூக்கிக்கொண்டு அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது வீண் வேலை. அதிலும் ஓடிடிஆர் காட்டும் தூரம் ரோட்டுத் தூரம் இல்லை, ஜாயின்டுக்கு ஜாயின்ட் சுருட்டி வைத்த கேபிளையும் சேர்த்துதான் காட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மழை நின்ற பிறகு பவர் மீட்டர் வைத்து அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லவிடாதீர்கள். மீட்டரை மாட்டிய நிலையிலேயே ட்ராப் கேபிளை வளைவுகளில் லேசாக அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஜாயின்ட் பாக்ஸைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அளவு ஒரு டெசிபலாவது ஆடினால் அந்த இடத்தை மாற்றாமல் அவரை அனுப்பாதீர்கள்.