34-க்கு 33

கேள்வி: அமெரிக்காவில் மினசோட்டா மாநில செனட்டில் 2022 தேர்தலுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு 34 இடம், குடியரசுக் கட்சிக்கு 33. இப்படி மயிரிழையில் நிற்கும் அவையில் உருப்படியாக என்ன சட்டம் வந்துவிடப் போகிறது? யார் ஜெயித்தால் என்ன?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: யார் ஜெயித்தால் என்னவா? அந்த ஒரு இடம் கைமாறியிருந்தால் அங்கே பல சட்டங்கள் பிறந்தே இருக்காது. ஜனநாயகக் கட்சியின் ஜூடி சீபெர்கர் தன் தொகுதியில் ஜெயித்தது வெறும் 321 வாக்கு வித்தியாசத்தில். அவர் தோற்றிருந்தால் 34 குடியரசுக் கட்சியின் பக்கம் போயிருக்கும். அதற்கு முந்தைய 4 ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. ஆளுநர் டிம் வால்ஸும் கீழவையும் ஜனநாயகக் கட்சியின் கையில். செனட் மட்டும் எதிர்க்கட்சியிடம். ஜனநாயகக் கட்சியினர் முக்கியம் என்று நினைத்த மசோதாக்கள் செனட் வாசலிலேயே நின்றுபோயின.

2023 ஜனவரியில் அவை கூடியதும் அவர்கள் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. எது முதலில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வந்திருந்தார்கள். முதல் பெரிய மசோதா கருக்கலைப்பு உரிமைக்கானது. ஏறத்தாழ 15 மணி நேரம் விவாதம். எதிர்க்கட்சியினர் திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொண்டுவந்தார்கள், எல்லாம் தோற்றன. சனிக்கிழமை விடிவதற்குள் வாக்கெடுப்பு: 34-33. அடுத்த வாரமே, 2040-க்குள் மாநிலத்தின் மின்சாரம் முழுவதும் கார்பன் இல்லாததாக வேண்டும் என்ற மசோதா. மறுபடியும் 34-33. அப்புறம் சம்பளத்தோடு குடும்ப, மருத்துவ விடுப்பு, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது என்று வரிசையாக வந்தன. கஜானாவில் 1,750 கோடி டாலர் உபரி இருந்தது பெரிய வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானித்தது அந்த ஒரு வாக்குதான்.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது பள்ளி உணவுச் சட்டம். பெற்றோரின் வருமானம் என்ன என்று கேட்காமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையிலும் மதியத்திலும் இலவச உணவு. அதுவரை ஒரு வீட்டில் வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் பிள்ளையின் கணக்கில் சாப்பாட்டுப் பாக்கி ஏறும். இந்த மசோதா செனட்டில் விவாதத்துக்கு வந்தபோது ஸ்டீவ் டிரஸ்கவ்ஸ்கி என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், மினசோட்டாவில் பசியோடு இருக்கும் ஒருவரையும் தான் இன்னும் சந்தித்ததில்லை என்றார். எனக்கு இன்றும் ஆறாத பேச்சு அது. அவருடைய கட்சியிலேயே சிலர் அவரோடு நிற்காமல் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2023 மார்ச் 17 அன்று வால்ஸ் கையெழுத்திட்டார்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஒரு வாக்கில் ஓடும் ஆட்சி அந்த ஒரு வாக்கைக் காப்பாற்ற எதையும் பொறுத்துக்கொள்ளும். 2024 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவர் வீடு புகுந்த குற்றச்சாட்டில் கைதானார். அவர் இல்லாவிட்டால் 33-33. அதனால் அவரைத் தொடர்ந்து வாக்களிக்க விட்டார்கள். தவறு, சந்தேகமே இல்லாமல் தவறு. 2025 ஜூலையில் குற்றம் நிரூபணமாகி அவர் விலகும் வரை அந்த நாற்காலி அவருடையதாகவே இருந்தது.

அதைவிட மோசம் 2024 கூட்டத்தொடரின் கடைசி இரவு. நள்ளிரவுக் கெடு நெருங்க, பல துறைகளின் மசோதாக்களை ஒன்றாகக் கட்டி, 1,400 பக்கங்களுக்கு மேல் கொண்ட ஒரே மசோதாவாக நிறைவேற்றினார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பேச அனுமதி இல்லை. ஒரு சட்டத்தில் ஒரு பொருள்தான் இருக்கலாம் என்பது அந்த மாநில அரசியல் சட்டத்திலேயே உள்ள விதி. அந்த விதியைக் காட்டித்தான், மசோதாவுக்குள் செருகப்பட்டிருந்த ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுப் பிரிவு செல்லாது என்று மாவட்ட நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஒழுங்காகத் தனி மசோதாவாகக் கொண்டுவந்து, விவாதித்து, அதே 34 பேரை வைத்து நிறைவேற்ற முயன்றிருக்க வேண்டிய பிரிவு அது.