மணிக்கட்டில் ‘நரம்பு’ காணோம், டாக்டர்!

(பண்ருட்டி அருகே முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கும் 38 வயது வாசகி: “பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் வலது கையில் நரம்பு எழும்புகிறது, இடது கையில் இல்லை. மகன் மொபைலில் பார்த்துச் சொன்னான். பக்கவாதம் வருமா? அப்புறம், இரண்டு மாதமாக ராத்திரியில் வலது கை மரத்துப்போகிறது. நரம்பு மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.”)

முதலில், அது நரம்பே இல்லை அம்மா. நம் பேச்சில் கையில் கயிறுபோலத் தெரிவதெல்லாம் நரம்புதான். ரத்தக்குழாயும் நரம்பு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் நரம்பு. உங்கள் இடது கையில் எழும்பாதது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற மெல்லிய தசையின் நாண். பாடநூல் கணக்கில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குப் பிறவியிலேயே அது கிடையாது. ஒரு கையில் மட்டும் இல்லாதவர்களும் உண்டு. பிடியின் வலு குறையாது. வேறு இடத்தில் நாண் அறுந்தவர்களுக்கு ஒட்டுப்போட நாங்களே இதைத்தான் உருவி எடுக்கிறோம். எடுத்த பின்னும் குடம் தூக்குகிறார்கள். பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மகனிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மரத்துப்போவது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுதானா? சுண்டுவிரல் தப்பிக்கிறதா? தூக்கம் கலைந்து கையை உதறினால் சரியாகிறதா? ஆமென்றால், மணிக்கட்டின் குறுகலான வழியில் மீடியன் நரம்பு நசுங்குகிறது. இதுதான் உண்மையான நரம்பு. நாள் முழுக்க விரல்நுனியால் கிள்ளும் வேலை, சர்க்கரை, தைராய்டு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். அபூர்வமாகச் சிலருக்கு அதே பால்மாரிஸ் தலைகீழாக அமைந்து, தசையின் பருத்த பகுதி மணிக்கட்டை ஒட்டி இருக்கும். வேலை செய்யச்செய்யப் புடைத்து அந்த நரம்பை அழுத்தும். இல்லாத தசையைவிட இடம் மாறிய தசைதான் தொல்லை! ஸ்கேனில் தெரிந்துவிடும்.

இப்போதே இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது பெருவிரலின் அடி மேடு இடதைவிடத் தட்டையாகியிருந்தால், டம்ளர் நழுவினால், பருப்பைக் கிள்ளிப் பிடிக்க முடியாமல் போனால், இந்த வாரமே கிளம்புங்கள். அந்த மேடு வற்றிவிட்டால், பிறகு அறுவைசிகிச்சை செய்தாலும் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. மேடு நன்றாக இருந்தாலும் ஒருமுறை காட்டத்தான் வேண்டும், அவசரம் இல்லை, அவ்வளவுதான். கடலூர் அரசு மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையோ, எது வசதியோ அங்கே போங்கள். நரம்பில் மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் சோதனையும், சர்க்கரை, தைராய்டு சோதனைகளும் தேவைப்படலாம்.

அந்த ‘நரம்பு மாத்திரை’ பெரும்பாலும் வெறும் பி வைட்டமின். ஹோஸ் பைப்பை மிதித்துக்கொண்டே மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வருமா? அந்தக் காசுக்கு மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை ஒன்று வாங்கி, ராத்திரியில் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.