ஹன்டரைக் கொடுத்து ஸ்மித்தை வாங்கியதில் யாருக்கு லாபம்?

கேள்வி இதுதான்: "2012-இல் அமெரிக்கக் கால்பந்தின் நியூயார்க் ஜெட்ஸ் அணி வெய்ன் ஹன்டரைக் கொடுத்துவிட்டு, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியிடமிருந்து ஜேசன் ஸ்மித்தை வாங்கியது. இருவருமே சோபிக்காமல் மாற்று வீரர்கள் நிலைக்கு இறங்கியவர்கள். இதற்குப் போய் ரசிகர்கள் ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள்? யாருக்கு லாபம்?"

இரண்டு அணிகளுக்கும் இல்லை. லாபம் அடைந்தவர் அந்தப் பேரத்தில் பெயரே வராத மூன்றாவது ஆள். அவரிடம் பிறகு வருகிறேன்.

அப்போது நான் நியூஜெர்சிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஜெட்ஸ் என்ற பெயருக்கு முன்னால்தான் நியூயார்க் நிற்கிறது. மைதானம் இருப்பது நியூஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். என் பக்கத்து மேசைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். அப்பா வைத்திருந்த சீசன் டிக்கெட்டை ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்து வருபவர். எனக்கு அமெரிக்கக் கால்பந்தின் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். 2012 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்துப்போனார். எதிரணி அதே மைதானத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஜயன்ட்ஸ்; ஆறு மாதங்களுக்கு முன்புதான் சூப்பர் பவுல் என்ற சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தை வென்றவர்கள்.

உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "இன்றைக்குப் பந்தைப் பார்க்காதே. வலது ஓரத்தில் நிற்கிறானே, அவன் காலை மட்டும் பார்."

நம் ஊரில் லைன்மேன் என்றால் மின்கம்பத்தில் ஏறுபவர். கரண்ட் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை. போய்விட்டால் தெருவே அவரைத் தேடும், திட்டும். அமெரிக்கக் கால்பந்தின் லைன்மேனுக்கும் அதே பிழைப்புதான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். பெரும்பாலும் ஒவ்வொருவரும் 140 கிலோ அல்லது அதற்கு மேல். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதோடு சரி; மற்றபடி பொதுவாகப் பந்தைத் தொட மாட்டார்கள், புள்ளி எடுக்க மாட்டார்கள். பாய்ந்து வருபவர்களை இரண்டரை, மூன்று நொடி தடுத்து நிறுத்தினால் போதும். தடுத்தால் கைதட்டல் எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் போகும்; தவறினால் மட்டும் எண்பதாயிரம் பேருக்கு இவருடைய பெயர் நினைவுக்கு வரும். சுவரின் வலது கோடியில் நிற்பவர் ரைட் டேக்கிள். ஜெட்ஸில் அந்த இடம் வெய்ன் ஹன்டருடையது.

பார்த்தேன். பந்து அசைந்ததும் டேக்கிளின் வெளிக்கால் பின்னால் சரிய வேண்டும். இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். எதிரியின் கை தன் மார்பில் படுவதற்குள் தன் கை அவன் மார்பில் பதிய வேண்டும். என் கண்ணுக்குத் தெரிந்தவரை ஹன்டரின் முதல் அடி அரை நொடி பிந்தியது. பிந்தியதை ஈடுகட்ட வெளிப்பக்கம் சாய்ந்தார். சாய்ந்த மறுகணம் எதிரி உள்பக்கம் திரும்பி அவர் தோளைத் தாண்டிப் போய்விட்டான். அடுத்த முறை உள்பக்கத்துக்குப் பயந்து நின்றார், அவன் வெளியே சுற்றினான். குவார்ட்டர்பேக் மார்க் சான்செஸ் வலதுகைக்காரர். இடப்பக்கத்து ஆபத்துதான் அவர் முதுகுக்குப் பின்னால் வரும். வலப்பக்கம் உடைவதோ கண்ணெதிரே உடையும். அது இன்னும் மோசம் என்று அன்று புரிந்தது. ஆபத்து வருவதற்குள்ளாகவே அவர் கால்கள் தடுமாற ஆரம்பித்துவிட்டன. ஜெட்ஸ் 26-3 என்று தோற்றது. சொந்த ரசிகர்களே ஹன்டருக்கு ஊளையிட்டார்கள். என் நண்பர் ஊளையிடவில்லை. கையிலிருந்த காகிதக் கோப்பையைச் சின்னஞ்சிறு துண்டுகளாகக் கிழித்துக் காலடியில் குவித்திருந்தார்.

இவர்மேல் மட்டும் ஏன் அத்தனை கோபம்? அதற்கு முன்கதை உண்டு. ஹன்டர் ஹவாய்க்காரர். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2003-இல் சியாட்டில் அணி இவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. அதன்பின் பெரும்பாலும் மாற்று வீரர்தான். ஜெட்ஸின் முந்தைய ரைட் டேக்கிள் டேமியன் வுடி காயத்தோடு ஒதுங்கிய பிறகு அந்த இடம் இவருக்கு வந்தது. 2011-இல் நான்காண்டு ஒப்பந்தமும் போட்டார்கள். அந்த சீசன் முழுக்க வலப்பக்கம் ஓட்டையாகவே இருந்தது. 2012 ஜூலையில் கரோலினா அணியிடமிருந்து ஜெஃப் ஓட்டா என்ற டேக்கிளை வாங்கப் பார்த்தார்கள். அவர் மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் பேரம் ரத்தானது. இதற்கு நடுவில், லைன்மேன்களின் பயிற்சியாளர் டேவ் டிகுலியல்மோ செய்தியாளர்களிடம் ஒரு சபதம் போட்டார்: ஹன்டரை இந்தக் கட்டடத்தை விட்டு அனுப்பினால் ஒழிய, அல்லது என்னை என் அறையிலேயே சுட்டுக் கொன்றால் ஒழிய, அவன்தான் தொடக்க வீரன். பயிற்சியாளரை யாரும் சுடவில்லை. ஹன்டரைத்தான் சில வாரங்களில் கட்டடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஜயன்ட்ஸ் ஆட்டத்துக்குப் பிறகு ஹன்டரை உட்கார வைத்து ஆஸ்டின் ஹோவர்ட் என்பவரை நிறுத்தினார்கள். மூன்றாவது பயிற்சி ஆட்டமும் முடிந்தது. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து ஜெட்ஸ் ஒரு டச்டவுன்கூட, அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி, எடுக்கவில்லை. மறுநாள், ஆகஸ்ட் 27-ஆம் தேதி, பேரம் முடிந்த செய்தி வந்தது.

எங்கள் அலுவலக உணவறையில் அன்று யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒருவர், ஹன்டர் போனதே போதும், பதிலுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வந்தாலும் சரி என்றார். இன்னொருவர், ஸ்மித் 2009 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வானவன், அப்படிப்பட்ட திறமை எங்கே போய்விடும் என்றார். என் நண்பருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "அவர்களுக்குத் திறமை தெரியாமலா கொடுக்கிறார்கள்? மூன்று வருடம் கூடவே வைத்திருந்தவன் வேண்டாம் என்கிறான். ஒரு வாரம் வீடியோ பார்த்தவன் வாங்குகிறான்" என்றார். மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் புரியும். ஆனால் அதே கேள்வியைத் திருப்பி ஹன்டரைப் பற்றியும் கேட்கலாமே என்று நான் சொன்னபோது, புதிதாக வந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

ஸ்மித்தின் கதை ஹன்டருடையதைவிடச் சோகம். பேய்லர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். ராம்ஸ் அணியில் பன்னிரண்டு ஆண்டுகள் தூணாக நின்ற ஆர்லாண்டோ பேஸ் வெளியேறிய அதே 2009-இல், அவர் இடத்தை நிரப்பக் கொண்டுவரப்பட்டார். உறுதிசெய்யப்பட்ட தொகை மட்டும் 33 மில்லியன் டாலர். புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டிய 2011 ஒப்பந்தத்துக்கு முந்தைய காலம் அது. களத்தில் ஒரு நொடி நிற்பதற்கு முன்பே அவ்வளவு பணம் வாங்கிய ஒருவர் வெறுமனே நன்றாக ஆடினால் போதாது. பேஸைப் போல ஆட வேண்டும். 2009-இலும் 2011-இலும் தலையில் அடி, மூளை அதிர்ச்சி. 2011 அக்டோபரில் டாலஸுக்கு எதிராக விழுந்த அடிக்குப் பிறகு அந்த சீசனில் அவர் ஆடவே இல்லை. லெஃப்ட் டேக்கிள் இடத்தை 2010-இல் வந்த ராஜர் சாஃபோல்ட் எடுத்துக்கொண்டார்; 2012-இல் ரைட் டேக்கிள் இடமும் பேரி ரிச்சர்ட்சனுக்குப் போய்விட்டது. தலையில் இரண்டு முறை அடிபட்டவரை "சோம்பேறி" என்று எங்கள் உணவறையில் ஒருவர் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சங்கதி உண்டு. 2011 வரை ஜெட்ஸின் தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்த பிரையன் ஷாட்டன்ஹைமர்தான் 2012-இல் ராம்ஸ் அணியில் அதே பொறுப்புக்குப் போயிருந்தார். ஆகவே ராம்ஸ் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஹன்டரின் ஓட்டைகளை நேரில் பார்த்தவர் அங்கே இருந்தார். தன் ஆட்டமுறையை ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்த ஒரு மாற்று வீரர் கிடைத்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். சீசன் தொடங்கிச் சில நாட்களிலேயே சாஃபோல்டுக்குக் காயம். ஹன்டர் சில ஆட்டங்களில் லெஃப்ட் டேக்கிளாகத் தொடங்கினார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதற்கு மேல் அந்தக் கதையில் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்மித்தை ஜெட்ஸ் ஆறாவது லைன்மேனாகப் பயன்படுத்தியது. ஓரிரு கஜம் முட்டித் தள்ள வேண்டிய நேரத்தில் கூடுதல் எடைக்காக உள்ளே வருவார். அப்படி வருபவர் தன் சட்டை எண்ணால் பந்தைப் பிடிக்கத் தகுதியில்லாதவர் என்பதால், இந்த முறை தகுதி உண்டு என்று நடுவரிடம் முறையாகச் சொல்ல வேண்டும். நடுவர் அதை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். ஸ்மித்தின் பெயர் மைதானத்தில் ஒலித்த தருணங்கள் அநேகமாக அவைதான். நவம்பர் 18-ஆம் தேதி இரண்டு அணிகளும் செயின்ட் லூயிஸில் மோதின. ஜெட்ஸ் 27-13 என்று வென்றது. மறுநாள் என் நண்பர் உணவறையில் ஒரு வெற்றி உலா வந்தார், ஏதோ ஸ்மித்தே தனியாக ஜெயித்துக் கொடுத்ததுபோல.

நான்கே நாள்தான் அந்தச் சந்தோஷம். நன்றி தெரிவிக்கும் நாள் இரவு, பேட்ரியாட்ஸுக்கு எதிராக சான்செஸ் ஓடிப்போய்த் தன் அணியின் கார்ட் (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) பிராண்டன் மூரின் பின்புறத்தில் முட்டிக்கொண்டு விழுந்தார். பந்து நழுவியது, எதிரணி அள்ளிக்கொண்டு டச்டவுன் வரை ஓடியது. 52 நொடிகளில் பேட்ரியாட்ஸ் மூன்று டச்டவுன் அடித்த ஆட்டம் அது, முடிவு 49-19. ஜெட்ஸின் ஐந்து பேர்ச் சுவரில் பல வருடங்களாக உறுதியாக நின்றவர்களில் ஒருவர் மூர். பத்து வருட உழைப்பு போய், உலகம் இன்று அவரை அறிந்திருப்பது அந்த ஒரு காட்சியால்தான். ஹன்டர் ஆயிரம் தவறு செய்தும் இந்த அளவுக்குப் புகழ் பெறவில்லை.

மூன்றாவது ஆளிடம் வருகிறேன். ஆஸ்டின் ஹோவர்ட் நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்துக்காரர். 2010 டிராஃப்டில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிலடெல்ஃபியா, பால்டிமோர் என்று சுற்றிவிட்டு ஜெட்ஸுக்கு வந்தவர். ஹன்டர் போனதால் காலியான இடத்தில் நின்றார். 2012-இல் 16 ஆட்டங்கள், 2013-இல் 16 ஆட்டங்கள், எல்லாவற்றிலும் தொடக்க வீரர். 2014-இல் ஓக்லாந்து அவருக்கு 30 மில்லியன் டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஆகஸ்ட் 27 மதியம் எங்கள் உணவறையில் இரண்டு மணி நேரம் சத்தம் போட்டவர்களில் ஒருவர்கூட ஹோவர்டின் பெயரைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஸ்மித்தா ஹன்டரா என்பதிலேயே நின்றோம்.

இந்த மாதிரிப் பேரங்கள் எப்போதுமே வெற்றுவேட்டு என்று சொல்ல வரவில்லை. 2018-இல் கேன்சஸ் சிட்டி பார்க்கர் எஹிங்கர் என்ற மாற்று லைன்மேனை டாலஸுக்குக் கொடுத்து, டிராஃப்டிலேயே தேர்வாகாத சார்வேரியஸ் வார்ட் என்ற தற்காப்பு வீரரை வாங்கியது. எஹிங்கர் காயத்தில் படுத்துவிட்டார்; வார்ட் ஒன்றரை வருடத்தில் சூப்பர் பவுல் ஜெயித்த அணியின் தொடக்க வீரர். அன்று அதை யாராவது பெரிதாகப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? 2016-இல் பிலடெல்ஃபியா டென்னிஸ் கெல்லியை டென்னசிக்குக் கொடுத்து, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவரை வாங்கியது. ரிசீவரை மறு வருடமே விடுவித்துவிட்டார்கள். கெல்லியோ 2020 ஜனவரியில், சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில், ஆறாவது லைன்மேனாக உள்ளே வந்து, பந்தையும் பிடித்து டச்டவுன் அடித்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு ஸ்மித் ஞாபகம்தான் வந்தது.

2013 பிப்ரவரியில் ஜெட்ஸ் ஒரே நாளில் ஐந்து பேரை வெளியே அனுப்பியது. பட்டியலில் ஸ்மித்தும் இருந்தார். செய்தியை என் நண்பர் கைப்பேசியில் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மேசைத் தடுப்புக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார்: "ஹன்டர் இப்போது எங்கே இருக்கிறான்?"