மீன்பிடித் தடைக்காலமும் ஐஸ் மீனும்: வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

தடைக்காலத்தில் உறைந்த மீனையும் இறாலையும் வாங்க வேண்டியிருக்கிறது, அவற்றை வீட்டில் எப்படி வைத்துச் சமைப்பது, ஃப்ரீசரிலேயே கிருமிகள் செத்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாவதில்லை. -18 டிகிரி செல்சியசில் பாக்டீரியாக்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறதே தவிர, அவற்றில் பல உயிரோடு உறங்கிக் கிடந்து, மீன் உருகத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பெருகத் தொடங்குகின்றன. ஆகவே ஃப்ரீசரில் மீன் எத்தனை நாள் இருந்தது என்பதைவிட, அதற்கு வெளியே எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. சென்னையில் வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களும் இவைதாம். சமைக்காத மீன் அறை வெப்பத்தில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறைகிறது. மே மாதத்தில் நம் சமையலறை எந்தக் கணக்கில் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதக் காலையில், உறைந்த சூரைத் துண்டுகளைச் சமையல் மேடையில் எடுத்து வைத்துவிட்டு வங்கிக்குச் சென்றவன், அங்கே வரிசையில் மாட்டிக்கொண்டு நாலரை மணி நேரம் கழித்தே திரும்பினேன். மீனில் கெட்ட வாடை ஏதும் இல்லாததால் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் அரிக்கத் தொடங்கியது. மீன் ஒவ்வாமை என்றே நினைத்தேன். மருத்துவர் எந்த மீன், எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று கேட்ட பிறகே இது ஹிஸ்டமின் நச்சு என்பது விளங்கியது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. குளிர் விலகியதும் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் வஞ்சிரமும் சூரையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் உருவான ஹிஸ்டமின் அழியாது, மீண்டும் உறைய வைத்தாலும் போகாது. அத்தகைய மீன் சில சமயம் நாக்கில் மிளகு போலச் சுரீரென்று இருக்கும் என்கிறார்கள். நம் வீட்டுக் குழம்பின் காரத்தில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வாங்கும்போது மற்றச் சாமான்களை எல்லாம் எடுத்து முடித்த பிறகு, கடைசியாக மீனை எடுங்கள். தனித்தனியாக உறைய வைத்த இறால் பொட்டலத்தைக் குலுக்கினால் கூழாங்கல் போல உருள வேண்டும். ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தாலோ, அடியில் நீர் வழிந்து உறைந்த தடம் தெரிந்தாலோ, நடுவில் எங்கோ உருகியிருக்கிறது என்று பொருள். இறாலின் மேல் பளபளக்கும் மெல்லிய பனிப்பூச்சு அது காய்ந்துவிடாதிருக்கப் பூசப்படுவது, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் எடைக் கணக்கில் பனியும் சேர்ந்திருக்கிறதா என்று உறையைப் படித்துப் பார்ப்பது நல்லது.

வீட்டில் ஐஸ்கிரீம் கல்லாக நிற்காத ஃப்ரீசரில் மீனை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். குளிர் சரியாக இருந்தால் வவ்வால், சங்கரா போன்ற கொழுப்புக் குறைந்த மீன்கள் 6 முதல் 8 மாதங்களும், மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்கள் 2 முதல் 3 மாதங்களும் சுவை கெடாமல் இருக்கும். ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்து, காற்றை வெளியேற்றிக் கட்டித் தேதி எழுதி வைத்தால், ஒவ்வொரு முறையும் முழுப் பொட்டலத்தையும் உருக்க வேண்டியிராது. ஓரங்களில் வெள்ளையாக உலர்ந்த திட்டுகள் தெரிந்தால், அது சுவைக்குத்தான் கேடு, உடம்புக்கு அன்று.

உருக்குவதற்குச் சிறந்த இடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுதான். முதல் நாள் இரவே ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால், வடியும் நீர் கீழே இருக்கும் காய்கறியில் சொட்டாது. அவசரமென்றால் நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒரு முறை நீரை மாற்றி, உருகியவுடன் சமைத்துவிட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே மேற்சதை கிருமிகளுக்கு உகந்த சூட்டை எட்டிவிடும். காற்று நீக்கி அடைத்த பொட்டலமானால், ஃப்ரிட்ஜில் வைக்கும் முன்பே உறையை வெட்டித் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் பாக்டீரியாவின் சில வகைகள் சுமார் 3 டிகிரிக் குளிரிலேயே நச்சை உண்டாக்கக் கூடியவை. ஃப்ரிட்ஜிலேயே உருகிய மீனை மீண்டும் உறைய வைத்தால் சதை சக்கையாகும், ஆபத்தில்லை. மேடையில் உருகியதை அப்படிச் செய்யக் கூடாது.

மசாலா தடவி ஊற வைப்பதும் ஃப்ரிட்ஜுக்குள்தான். சிறிய இறாலை உருக்காமலே கொதிக்கும் குழம்பில் போடலாம், ஆனால் வேகும் நேரம் கூடும். தடித்த வஞ்சிரத் துண்டை அரைகுறையாக உருகிய நிலையில் தவாவில் போட்டால், மேலே மசாலா கருகி, நடுமுள்ளை ஒட்டிய சதை பச்சையாகவே இருக்கும். அந்த இடத்தைக் கத்தி முனையால் விலக்கிப் பாருங்கள். உள்ளே 63 டிகிரி சூடேறிய மீனின் சதை கண்ணாடித் தன்மை போய் வெளுத்து, இதழ் இதழாகப் பிரியும். நறுக்கிய பலகையைச் சோப்பிட்டுக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்குவதைத் தவிருங்கள்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பதில் என் மாமியாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. புளிப்பு கிருமிகளை ஓரளவு அடக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் சட்டியோடு இரவு முழுவதும் அடுப்பிலேயே விட்டுவைக்கும் குழம்பில் சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு, காலையில் மீண்டும் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆறியதும், 2 மணி நேரத்துக்குள் அதை ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுவது எங்கள் வீட்டில் இப்போது மாமியாரே செய்யும் வேலை.

கடைசியாக மின்வெட்டு. கதவைத் திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் மின்சாரம் அதைவிட நீண்ட நேரம் இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது மீன் மறுபடி கல்லாகவே இருந்தது, இடையில் உருகியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் அத்தனையையும் தூக்கி எறிந்தோம். அதிலிருந்து ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டிருக்கிறேன். ஊரிலிருந்து திரும்பும்போது நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால், பொட்டலங்களைத் திறந்து முகர்ந்து பார்ப்பதுகூட இல்லை.