பந்தே வராத நேரத்தில் கீப்பருக்கு என்ன வேலை?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பள்ளி ஃபுட்பால் டீமில் கீப்பர். பயிற்சியில் பறந்து பறந்து பிடிக்கிறான். மேட்சில் ரொம்ப நேரம் பந்து வராமல் இருந்துவிட்டு, திடீரென்று வரும் சாதாரண பந்தைக் கோட்டை விடுகிறான். கோச் ‘கவனமே இல்லை’ என்கிறார். வீட்டில் தினமும் டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடிக்க வைக்கிறேன். வேறென்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: டென்னிஸ் பந்து நல்லதுதான், தொடரட்டும். ஆனால் பறந்து பிடிக்கிற பையனுக்குக் கையில் கோளாறு இல்லை. பந்து எதிர் கோல் பக்கம் இருக்கும்போது தான் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ‘கவனி, கவனி’ என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. வேலை கொடுக்க வேண்டும்.

முழு மேட்சும் விறைப்பாக நிற்கப் பெரியவர்களாலேயே முடியாது. பந்து எதிரணியின் பாதியில் இருந்தால் அவன் பெனால்டி பாக்ஸ் கோடுவரை ஏறி வந்து, உடம்பைத் தளர விட்டு நிற்கலாம். கண் மட்டும் பந்தை விடக்கூடாது. பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் மெல்லப் பின்னால் நகர வேண்டும், பேச வேண்டும். ‘லெஃப்ட்ல ஆள் ஃப்ரீ’, ‘பின்னாடி ஒருத்தன் வர்றான்’ என்று முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிற கீப்பரால் வேடிக்கை பார்க்க முடியாது. கூச்ச சுபாவம் என்றால் இது பழக நாளாகும். பரவாயில்லை.

2022 உலகக் கோப்பை ஃபைனலில் முதல் பாதி முழுக்க பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸுக்கு வேலையே இல்லை. அதே ஆள்தான் கூடுதல் நேரத்தின் கடைசியில், 3-3 என்று இருந்தபோது, தனியாக வந்த பிரான்ஸ் வீரர் கோலோ முவானியின் ஷாட்டை இடது காலை நீட்டித் தடுத்தார்.

அடுத்த மேட்சில் உங்கள் மகனின் காலைப் பாருங்கள். எதிராளி பந்தை உதைக்கும் நொடியில் இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா? எடை முன்பாதத்தில் இருக்கிறதா? அசந்து நிற்கும் கீப்பர் அப்போதுதான் அவசரமாகப் பின்னால் போய்க்கொண்டிருப்பான், எடை குதிகாலில் இருக்கும். நேராக வரும் பந்தே நழுவுவது இதனால்தான். பாதி வழியில் மாட்டிக்கொண்டாலும் அங்கேயே நின்று தடுப்பது மேல்.

கோச்சிடமும் பேசுங்கள். வரிசையாக ஐம்பது ஷாட் அடிப்பது களைப்பைத்தான் தரும். ஐந்தாறு பந்து, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்தாறு போதும். பிராக்டிஸ் மேட்சில் அவனை வலுவான டீமில் நிறுத்தி, பத்து நிமிடம் சும்மா விட்டு, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நீளமாக ஒரு பந்தை அவன் பக்கம் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், எந்த அளவு போஸ்ட்டில் ஆடுகிறான்? பெரியவர்களுக்கான போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதில் தலைக்கு மேல் போகும் பந்துக்கு 12 வயதுப் பையனைத் திட்டுவது அநியாயம்.

மேட்ச் பார்க்கப் போனால் போஸ்ட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். அம்மா குரல் கேட்டால் திரும்பிப் பார்ப்பான்.